எல்லாப் போனையும் எடுக்கிறவர்

திருவட்டாறு பக்கம் யாருக்காவது மோசடிப் போன் வந்தால் இப்போது உடனே வைப்பதில்லை. "ஒரு நிமிஷம் லைன்ல நில்லுங்க, வீட்டுப் பெரியவர்கிட்ட குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி யேசுரத்தினத்தின் ரப்பர் ஷீட் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பேங்க் கணக்கு முடங்கப்போகிறது என்கிற போன், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது என்கிற போன், லாட்டரி விழுந்த போன் எல்லாம் அவருக்குத்தான். கிண்டலுக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. இரக்கத்தில் கொடுக்கிறவர்களும் உண்டு. யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்து, மறுமுனைக்காரன் ஒப்பிக்கிற பாடத்தை முழுக்கக் கேட்பார். அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் மெதுவாகக் கேட்பார்.

"மக்கா, நீ எந்த ஊரு? உனக்க கூட சிஜின்னு ஒரு பையன் உண்டா? திருவட்டாறுக்காரனாக்கும். கொஞ்சம் உயரமா இருப்பான்."

பெரும்பாலும் அந்த இடத்தில் போன் கட்டாகிவிடும். சிலர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைப்பார்கள். அவர் போனை வேட்டியில் துடைத்து உரியவரிடம் திருப்பிக் கொடுப்பார். "அடுத்து வந்தாலும் கொண்டு வாங்கடே" என்பார்.

போன வருஷம் வரை இந்த மனுஷன் எப்படி இருந்தார் என்று தெரிந்தவர்களுக்கு இதைப் பார்க்கச் சகிக்காது.

யேசுரத்தினத்தை ஏமாற்ற ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்லாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார். எடை கூட நிற்கட்டும் என்று முழுக்கக் காயாத ஷீட்டைப் புகையில் காட்டி மினுக்கிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அவர் ஷீட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஒரு ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் போதும். "இதுக்கு இன்னும் ரெண்டு வெயில் வேணும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயப் போடு" என்று திருப்பிவிடுவார். மனுஷரையும் அப்படித்தான் பார்த்தார். சபையில் செயலர் அவர். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்க எழுந்தால் போதகரின் பிரசங்கத்தை விட அது நீளும். போனை வைத்து எப்படியெல்லாம் ஏமாற்றுகிறான், ஏஐ எப்படி மனுஷச் சத்தத்தைத் திருடுகிறது என்று எங்கிருந்தெல்லாமோ படித்துக்கொண்டு வந்து விளக்குவார். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவருடைய மனைவி ரெஜிலா மட்டும் தலையைக் குனிந்து வாட்சைப் பார்ப்பாள். அவள் அங்கன்வாடி டீச்சர். அளவுக்கு மேல் பேசுகிறவர்களை நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வருகிறவள்.

சாயாக் கடையில் அவருக்கு எதிர்க்கட்சி என்று ஒருவர் உண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சுடலையாண்டி.

"கரண்டும் தொட்டா கொல்லுமாக்கும். அதுக்காவ ஆளாளுக்கு விழிப்பா இருங்கடேன்னு சொல்லிட்டு விட்டோமா? ஃபியூஸ் வச்சோம், எர்த் போட்டோம், சட்டம் வச்சோம். அது இல்லாதவனுக்குக் கனெக்சனே கெடையாது. இந்தக் கம்பெனிக்காரனுவ வயரைத் தோலுரிச்சு நடு ரோட்டுல போட்டுட்டு, பாத்து நடங்கன்னு சொல்லுதானுவ. கேட்க ஒரு நாதி இல்ல" என்பார் சுடலையாண்டி.

"கத்தி செஞ்சவனைப் பிடிச்சு உள்ள போடுவியரா வே?" என்பார் யேசுரத்தினம். "ஏமாறுதவன் இருக்கும் வரைக்கும் ஏமாத்துதவன் இருப்பான். டெல்லியில சட்டம் எழுதி, அது வண்டியேறி இங்க வந்து சேருததுக்குள்ள நம்ம கணக்கு காலியாயிரும். அவனவன் வீட்டுக்கு அவனவன்தான் வே ஃபியூஸு."

கடை சிரிக்கும். சுடலையாண்டி சாயாவை ஊதிக் குடித்துவிட்டு எழுந்து போவார். அந்தக் காலத்தில் எந்தப் பேச்சிலும் யேசுரத்தினம் தோற்றதில்லை.

சபையில் ஒரு நாள் போலீஸ்காரர்களை அழைத்து விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார். வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், மகன் குரலில் மகள் குரலில் யாராவது பேசினால் அந்தச் சொல்லைக் கேளுங்கள் என்று வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். சொல்லுக்கு எங்கே போவது? யேசுரத்தினம் ஒரு யோசனை சொன்னார். வருஷப் பிறப்பு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாக வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் நம் கைக்கு எந்த வேத வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க நமக்கு. கர்த்தர் கொடுத்த சொல் இருக்கும்போது வேறு சொல் எதற்கு? அதையே ரகசியச் சொல்லாக வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் தானாக மாறியும் விடும். பேங்குக்காரன்கூட மாதத்துக்கொரு தடவை மாற்றச் சொல்கிறானே.

சபையே கைதட்டியது. போதகர் ஜெபத்தில் அந்த யோசனைக்காகத் தனியாக நன்றி சொன்னார். அந்த அட்டையைக் கண்ணாடி போட்டு எல்லா வீட்டிலும் முன்னறையில்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவர் மகன் சிஜின் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்றாவது வருஷமாக வீட்டில் இருந்தான். நாகர்கோவிலில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று என்று போன இடமெல்லாம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஏஐ செய்துவிடுகிறதாம். அப்போதுதான் மார்த்தாண்டத்து ஏஜென்ட் ஒருவன் தாய்லாந்தில் வேலை இருக்கிறது என்றான். ஏஐ கம்பெனி. தமிழ் தெரிந்தவன் வேண்டும், மிஷினுக்குத் தமிழ் படிப்பிக்கிற வேலை. யேசுரத்தினம் ஏஜென்டின் பேப்பரையெல்லாம் ஷீட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சீல், கையெழுத்து, விசா எல்லாம் சுத்தம். "நம்ம வேலையைத் தின்னதுக்கிட்டயே போய் வேலை வாங்குதான் பாத்தியா" என்று சாயாக் கடையில் பெருமை பேசினார். விமானத்துக்குக் கிளம்பும்போது மகனுக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. வசனம் ஞாபகம் இருக்கட்டும்.

அந்த வருஷம் அவர்களுக்கு விழுந்திருந்தது, நீ தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்கிற வசனம்.

முதல் மாதம் சிஜின் வீடியோவில் பேசினான். பிறகு பேச்சு நின்று எழுத்தாகிவிட்டது. நல்லா இருக்கேன், வேலை அதிகம், ரகசிய வேலை என்பதால் உள்ளே போன் விடமாட்டார்கள் என்று அவன் நம்பரிலிருந்து செய்தி வரும். ரெஜிலாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. "இவன் இப்படி எழுத மாட்டானே. முற்றுப்புள்ளி எல்லாம் வைக்கானே" என்றாள். பெரிய கம்பெனியென்றால் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு என்று யேசுரத்தினம் அவளை அடக்கினார். வருஷம் பிறந்தது. புது அட்டையில் வாசலைத் திறக்கிற வசனம் வந்தது. அதை மகனுக்கு எழுதி அனுப்பவில்லை. ரகசியத்தைப் போனில் எழுதலாமா? வாய்விட்டுப் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

ஜனவரி முதல் வாரம், கடையில் ஷீட் போட வந்த ஆட்கள் நின்றிருந்த நேரம், தெரியாத நம்பரில் இருந்து மெசேஜ் ஆப்பில் போன் வந்தது.

"அப்பா, நான் சிஜின். சத்தம் போடாம கேளுங்க. நேரம் இல்ல."

அச்சு அசல் மகன் சத்தம். யேசுரத்தினத்துக்கு ஒரு கணம் நெஞ்சு துடித்தது. அந்தத் துடிப்பைத்தான் முதலாளி ஆக்கக்கூடாது என்று அவரே சபையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார். எப்படிச் சமாளிப்பது என்று அவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்றுதான்.

"சிஜினா? நல்லது. வசனம் சொல்லு."

அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரைக் கடக்கிற வசனம் வந்தது. பாதியில் அழுகை வந்து வார்த்தை உடைந்தது.

"இது போன வருஷத்துக்கதுல்லா" என்றார் யேசுரத்தினம், ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்து. "வீட்டுக்கு வந்தவன் போனவன் எல்லாவனும் பாத்தது. இந்த வருஷ வசனத்தைச் சொல்லு."

"எனக்குத் தெரியாதுப்பா. வருஷம் பொறந்ததே எனக்குத் தெரியாதுப்பா. போனை வச்சிராதீங்க, எனக்க பேரை மட்டும் எழுதி..."

"பாடம் பழசாயிட்டுடே மக்கா. போய் புதுசு படிச்சிட்டு வா."

வைத்துவிட்டார். கடையில் சிரிப்பு. ஒருத்தர் கைதட்டினார். "அந்த அழுகையைக் கேட்டியளா? அப்படியே நம்ம பையன். இதாக்கும் ஏஐ" என்று யேசுரத்தினம் விளக்கினார். அதோடு விட்டாரா? பொறுப்பான குடிமகன் இல்லையா. அந்த நம்பரை மோசடி என்று மெசேஜ் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். சைபர் போலீசுக்கும் எழுதினார். பிறகு சிஜினின் நம்பருக்கு, நல்லா இருக்கியா மக்கா என்று ஒரு செய்தி. நல்லா இருக்கேன் அப்பா, என்று முற்றுப்புள்ளியோடு பதில் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினார்.

பங்குனி வெயிலில் ஒரு பையன் பஸ்ஸில் வந்து இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து, வீடு தேடி வந்தான். பாறசாலைக்காரன், பெயர் ஷைஜு. முன்னறையில் உட்காரச் சொன்னதும் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். சிஜின் இருந்த கட்டடத்தில்தான் அவனும் இருந்தானாம். தாய்லாந்து என்று கூட்டிப்போய், ஆற்றைக் கடத்தி, பர்மாப் பக்கம் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஏஐ கம்பெனின்னு சொன்னது பொய்யில்ல அங்கிள். அங்க ஏஐ உண்டு. மூஞ்சி மாத்தும், சத்தம் மாத்தும். பின்னால இருந்து பேசுதது நாங்களாக்கும். நாளுக்கு இத்தன பேரை ஏமாத்தலன்னா அடி. வெளிய இருக்கவங்க எல்லாம் மிஷின்னு நெனைக்கியினும். உள்ள மனுஷன் கெடந்து சாவுதான்."

ரெஜிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் யேசுரத்தினத்தைப் பார்க்காமல் பேசினான். தூத்துப் பெருக்க வருகிற ஒரு பெண்ணின் போனை ஒளித்து வாங்கி, நாலைந்து பேர் ஆளுக்கொரு நிமிஷம் வீட்டுக்குப் பேசினார்களாம். வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் புகார் கொடுத்தார்கள். புகாரில் இருந்த பெயர்கள் எம்பசிக்குப் போயின. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் பட்டாளம் வந்து ஷைஜுவையும் மற்றவர்களையும் மீட்டது.

"சிஜினும் பேசினான். எனக்கு அந்த வசனத்துக்க அர்த்தம் தெரியல்ல. போன் கட்டானது தெரிஞ்சு. நாளைக்கு ஒருதரம் கூட விளிக்கேன், அம்ம எடுத்தா மனசிலாவும்னு சொன்னான். பிற்றேநாள் பாத்தா அந்தப் பெண்ணுக்க போன்ல கணக்கே இல்ல. ஆரோ மோசடின்னு கம்ப்ளைன்ட் கொடுத்து பூட்டிட்டினும். ஏன் பூட்டினதுன்னு உள்ள உள்ளவனுவ அவளுக்க போனைப் பிடுங்கி நோண்ட, அதில அவளும் மாட்டி, நாங்களும் மாட்டி. ஆருக்க சத்தம் அந்தப் போன்ல பதிஞ்சிருக்கோ அவனைத்தான் கூடுதல் அடிச்சினும். பட்டாளம் வாறதுக்கு முன்ன சிஜினை வேற கம்பெனிக்கு வித்தாச்சு."

யேசுரத்தினம் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். ரப்பர் பால் உறையவைக்கிற அலுமினியத் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷைஜு போன பிறகு ரெஜிலா வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஸ்பீக்கர்ல போட்டியளா?"

தலையாட்டினார். அதன் பிறகு ரொம்ப நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் மேசையில் இருக்கும்.

அவர் அலைய ஆரம்பித்தார். முதலில் போன சைபர் போலீஸ் ஆபீசில் இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "என் மகனின் குரலில் ஏஐ மூலம் மோசடி அழைப்பு வந்தது, அது என் மகன் அல்ல என்று உறுதி கூறுகிறேன்." கீழே யேசுரத்தினத்தின் பெயர், சபைச் செயலர் என்ற பதவியோடு. "அண்ணே, இதுவும் நீங்க குடுத்தது. இப்ப அது மகன்தான்னு சொல்லுதிய. நான் எதை மேல அனுப்பட்டும்? பையனுக்க நம்பரு இன்னும் ஓடுதே. நல்லா இருக்கேன்னு நேத்துகூட எழுதியிருக்கானே" என்றார் அவர். அது அவன் எழுதியதில்லை என்று யேசுரத்தினம் சொன்னார். எப்படித் தெரியும் என்று ஆபீசர் கேட்டார். முற்றுப்புள்ளி வைக்கிறான் என்று சொல்ல வாயெடுத்து, அது தன் காதுக்கே கிறுக்குத்தனமாகக் கேட்டதால் யேசுரத்தினம் நிறுத்திக்கொண்டார்.

மெசேஜ் கம்பெனிக்கு எழுதினார். அடுத்த நொடியே நல்ல தமிழில் பதில் வந்தது. உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம், உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம், நீங்கள் புகாரளித்த கணக்கு வெற்றிகரமாக முடக்கப்பட்டது. ஐயா, அதைத் திறக்க வேண்டும், என் மகன் உயிர் அதில் இருக்கிறது என்று எழுதினார். மறுபடியும் உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம். யாராவது மனுஷர் இருந்தால் பேசுங்கள் என்று எழுதினார். அதற்கும் அதே புரிந்துகொள்ளல்தான். முட்டிக்கொள்ளச் சுவராவது வேண்டாமா ஒரு மனுஷனுக்கு? அங்கே அதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். பேசியது சிஜின்தான், வைத்தது நான்தான், எல்லாரும் மனுவில் கையெழுத்துப் போடுங்கள், எம்.பி.யிடம் கொண்டுபோவோம் என்றார். வெளியே வந்ததும் ஐக்கிய சங்கத்துக்காரி ஒருத்தி தணிவாகச் சொன்னாள். "அண்ணே, வருத்தப்படாதியும். அந்த ஷைஜு யாரு எவருன்னு விசாரிச்சியளா? அவனே அந்தக் கூட்டத்துல ஒருத்தனா இருந்தா? நேர்ல வந்து அழுதாலும் நம்பப்பிடாதுன்னு நீங்கதானே படிப்பிச்சிய." அவள் குத்திக்காட்டவில்லை. அவள் அவரை அவ்வளவு நம்பியிருந்தாள், அதுதான் விஷயம். கையெழுத்து விழுந்தது. ஆனால் பேனாவை வாங்கிய ஒவ்வொருவர் கண்ணிலும் அவர் ஊட்டிய சந்தேகம் இருந்தது. ஊருக்கே வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தவர், இப்போது ஒருத்தர் நாக்கிலாவது இனிப்பு இருக்காதா என்று பார்த்தால் இருக்குமா?

சுடலையாண்டி மட்டும் கூடவே வந்தார். எந்த ஆபீசுக்குப் போனாலும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பழைய பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. ஒரு நாள் யேசுரத்தினமே எடுத்தார். "நீரு சொன்னதுதான் வே சரி. நான் ஒருத்தன் விழிச்சிருந்து என்ன கிழிச்சேன்? மேல சட்டம்னு ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்திருந்தா எனக்க கையில இந்தத் தீர்ப்பு வந்திருக்குமா? எனக்க பிள்ளையா இல்லியான்னு நானாவே ஒரு நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லணும்? எந்த அப்பனுக்கு வே அது ஏலும்?" சுடலையாண்டி பஸ் வருகிறதா என்று பார்த்தார். "நமக்கு ஏறுத பஸ்ஸு இது இல்ல. உக்காரும்" என்றார்.

போன் எடுக்கிற பைத்தியம் எப்படித் தொடங்கியது என்றால், ஒரு நாள் ரெஜிலாவோடு அங்கன்வாடியில் சமைக்கிற பெண்ணுக்கு ஒரு லோன் போன் வந்தது. பக்கத்தில் நின்ற யேசுரத்தினம் காதில் அந்தக் குரல் விழுந்தது. பேசியவன் தமிழ்ப் பையன். தடுமாறித் தடுமாறிப் பேசினான். இவன் எங்கே இருந்து பேசுகிறான்? இவன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? அந்த நொடியில் அவருக்கு உலகத்து மோசடிப் போனெல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்து வருவதாகத் தோன்றிவிட்டது. அந்தக் கட்டடத்துக்குப் போக அவருக்கு வேறு வழி இல்லை. இந்தக் கம்பி வழியாகத்தான் போகமுடியும். போனைப் பிடுங்கி, சிஜின் என்று ஒரு பையன் உண்டா என்று கேட்டார்.

அதிலிருந்து தன் நம்பரைக் கண்ட இடத்திலெல்லாம் கொடுத்தார். லாட்டரி விளம்பரம், லோன் விளம்பரம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்கிற விளம்பரம் எல்லாவற்றிலும் பெயரைப் பதிந்தார். திருடன் வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒரே மனுஷன் அவராகத்தான் இருப்பார். வந்தவனிடமெல்லாம் கதையைச் சொன்னார். மகன் பெயர், ஊர், படிப்பு, வசனம், தான் போனை வைத்த விவரம், அவனுக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், எல்லாம். ஒருத்தன் காதிலாவது ஏறி, ஒருத்தன் மனசாவது இளகி, சிஜின் காதுக்குப் போகாதா? உனக்க அப்பா தேடுதாருடே என்று ஒரு வார்த்தை?

ஒரே ஒரு பையன் வைக்காமல் இருந்தான். பிறகு பாடத்தை ஒப்பிக்கிற அதே வேகத்தில், குரலை மட்டும் தாழ்த்தி, "இருந்தான் அண்ணாச்சி. பின்னால உள்ள கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. பெறவு பாக்கல. ஆளு நிக்கான், ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லலன்னா எனக்கு..." என்றான். யேசுரத்தினம் ஓ.டி.பி.யைச் சொன்னார். தெரிந்தேதான் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, அந்தப் பையனுக்குத் தப்பாகிவிடக்கூடாதே என்று இரண்டு தரம் சொன்னார். கணக்கில் இருந்தது போயிற்று. சபைச் செயலர் பதவியும் அதோடு போயிற்று. மூளை கலங்கினவர் கையில் சபைக் கணக்கை விடமுடியுமா? அன்றைக்குத்தான் ரெஜிலா அவரோடு மறுபடி பேசினாள். "இருந்தான்னு சொன்னானா? வாயால சொன்னானா?" என்று கேட்டாள். சொன்னான் என்றார். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். கூட அழ வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனி மாதத்துச் சாரல் விழுந்த ஒரு மத்தியானம். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். யேசுரத்தினத்தின் போன் அடித்தது. எச்சில் கையோடு எடுத்தார்.

"அப்பா, நான் சிஜின்."

எச்சில் கை வழுக்கிப் போன் மேசையில் விழுந்தது. எடுக்கப் போய் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. குரல் அறை முழுக்க வந்தது. அதே குரல். கட்டடம் மாறிவிட்டேன் அப்பா, நீங்கள் தேடுவதாகச் சொன்னார்கள் அப்பா, அன்றைக்கு நீங்கள் வைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை அப்பா என்றது. இந்த வருஷத்து வசனத்தைக்கூடச் சொன்னது. மரச்சீனிக் கிழங்கு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்றது. அவர் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரிடம் புலம்பியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது புரிந்தது. புரிந்தும், சரி, இதெல்லாம் சிஜினுக்கும் தெரிந்ததுதானே என்று மனசு பிடிவாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா? அம்மாகிட்ட குடுங்கப்பா. அம்மா, எப்படி இருக்கீங்க அம்மா?"

போனை நோக்கி நீண்ட ரெஜிலாவின் கை நின்றது.

சிஜின் அவளை அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது. பேசத் தொடங்கின நாளில் அப்பா கூப்பிடுவதைக் கேட்டு ரெஜி என்று கூப்பிட்டான், அப்படியே நின்றுவிட்டது. மாமிமார் திட்டியும் மாறவில்லை. வெளியாட்களிடம் மட்டும் அம்ம என்பான். தாடி முளைத்த பிறகும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ரெஜி, பசிக்கி என்றுதான் வருவான். இதை யேசுரத்தினம் எந்தப் போனிலும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதில்லை, வீட்டில் காற்று மாதிரி இருந்த விஷயம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யேசுரத்தினத்தின் விரல் சிவப்புப் பொத்தான் பக்கம் போனது. ரெஜிலா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைக்காதிய."

"இது அவன் இல்ல, ரெஜி."

"தெரியும்." அவள் குரல் போனுக்குக் கேட்காதபடி தாழ்ந்தது. "ஆனா சத்தம் அவனுக்கதுதானே. அவனுக்க சத்தத்தை எடுத்துத்தானே இப்படிப் பேச வைக்கானுவ. சத்தம் எடுக்கணும்னா ஆளு உசிரோட இருக்கணும்லா? சொல்லுங்க. இருக்கணும்லா?"

அன்றைக்கு ஷைஜு போகும்போது கொல்லைப் பக்கம் வந்து அவரிடம் தனியாகச் சொன்ன ஒன்றை யேசுரத்தினம் ரெஜிலாவிடம் இதுவரை சொல்லவில்லை. உள்ளே போன முதல் நாளே ஒவ்வொருத்தனையும் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்வார்களாம். சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள்வார்களாம். பிறகு ஆள் இருந்தாலும் போனாலும் சத்தம் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்பென்றால் இதை அவர் சபையில் எழுந்து நின்று அரை மணி நேரம் விளக்கியிருப்பார்.

"ஆமா" என்றார். "உசிரோட இருந்தாத்தான் முடியும்."

அவள் பிடி தளர்ந்தது. அவர் போனைப் பக்கத்தில் இழுத்து, சோற்றுத் தட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு மக்கா" என்றார். "அம்மையும் அப்பனும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. பிறகு, சாப்பிட்டேம்ப்பா என்றது.